குழாயடிக்குப் பிறகு ஹெலன் கெல்லர்

ஹெலன் கெல்லர் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு காட்சிதான். 1887 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற சிறிய ஊர். வீட்டுக்கு அருகே ஒரு கைப்பம்பு. கண் தெரியாத, காது கேட்காத ஆறு வயதுச் சிறுமியின் ஒரு கையில் தண்ணீர் கொட்டுகிறது. இன்னொரு கையில் ஆசிரியை ஆன் சல்லிவன் விரல்களால் 'தண்ணீர்' என்று எழுத்துக்கூட்டுகிறார். சிறுமிக்குச் சட்டென்று புரிகிறது, உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் உண்டு என்று!

பாடங்களும் படங்களும் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. மிஞ்சினால், பிறகு நன்றாகப் படித்துப் பட்டம் வாங்கினார் என்று ஒரு வரி வரும். ஆனால் ஹெலன் கெல்லர் 1968 வரை வாழ்ந்தவர். குழாயடிக்குப் பிறகு எண்பது வருடங்கள் பாக்கி இருக்கின்றன.

அந்த எண்பது வருடங்களில் பெரும்பகுதி அவர் முகம் தெரியாதவர்களுக்காக எழுதிக்கொண்டே இருந்தார். தனக்குப் பிடித்த மரங்களைப் பற்றி, படகுப் பயணங்களைப் பற்றி, புயலைப் பற்றி, பார்வையற்றவர்களின் வேலைவாய்ப்பைப் பற்றி, கூலியைப் பற்றி, போரைப் பற்றி. எழுதியதற்காக இரண்டு விதமாகத் திட்டும் வாங்கினார். இயற்கை அழகைப் பற்றி எழுதினால், "உனக்கு எப்படித் தெரியும், நீதான் பார்க்கவே இல்லையே" என்றார்கள். சமூகத்தைப் பற்றி எழுதினால், "உனக்கு எதற்கு அதெல்லாம், பூவையும் பறவையையும் பற்றி எழுதேன்" என்றார்கள். இரண்டையும் சொன்னது கிட்டத்தட்ட ஒரே கூட்டம் என்பதுதான் வேடிக்கை.

முதல் அடி விழுந்தபோது அவளுக்கு வயது 11.

1891ஆம் ஆண்டு இலையுதிர் காலம். டஸ்கம்பியாவுக்கு அருகே மலையில் ஃபெர்ன் குவாரி என்ற இடத்தில் கெல்லர் குடும்பத்துக்கு ஒரு விடுமுறைக் குடில் இருந்தது. அங்கே இலைகள் நிறம் மாறுவதை சல்லிவன் அவள் உள்ளங்கையில் எழுதி எழுதி விவரித்தார். கொஞ்ச நாளில் ஹெலன் உட்கார்ந்து ஒரு கதை எழுதினாள். பனியின் அரசன் தன்னிடம் இருக்கும் ரத்தினங்களை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லி தேவதைகளிடம் கொடுத்து அனுப்புகிறான். தேவதைகள் வழியில் விளையாட நின்றுவிடுகிறார்கள். வெயில் பட்டு ரத்தினங்கள் உருகி மரங்களின் மேல் வழிய, இலைகள் எல்லாம் சிவப்பும் பொன்னுமாக மாறிவிடுகின்றன. இதுதான் கதை. முதலில் 'இலையுதிர்கால இலைகள்' என்று தலைப்பு வைத்தாள். பிறகு அது 'பனி அரசன்' ஆயிற்று.

பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியின் இயக்குநர் மைக்கேல் அனாக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அதை அனுப்பினாள். தபால் நிலையத்துக்குத் தானே எடுத்துப்போய்ப் போட்டாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை, அச்சிட்டுவிட்டார். அச்சான கதை வேறொரு பத்திரிகையிலும் மறுபடி வந்தது. அங்கேதான் ஒரு வாசகர் கண்டுபிடித்தார்: இது மார்கரெட் கான்பி என்பவர் பல வருடங்களுக்கு முன்பே எழுதிய 'பனித் தேவதைகள்' கதை போலவே இருக்கிறதே! கரு மட்டுமல்ல, சில வாக்கியங்கள் கூட அப்படியே.

ஹெலனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கதையைப் படித்த ஞாபகமே அவளுக்கு இல்லை. பிறகு விசாரித்ததில், 1888 கோடையில் பிரூஸ்டர் என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது சோஃபியா ஹாப்கின்ஸ் என்ற அம்மையார் அதை அவள் கையில் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியிருக்கலாம் என்று தெரிந்தது. அப்போது சல்லிவன் கூட இல்லை. ஹெலன் மொழி என்ற ஒன்றைக் கற்கத் தொடங்கி ஒரு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. கதை மனதில் எங்கோ தங்கிவிட்டது, எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தங்கவில்லை.

பெர்கின்ஸ் பள்ளி என்ன செய்தது தெரியுமா? விசாரணை வைத்தது. எட்டு பேர், அவர்களில் நான்கு பேர் பார்வையற்றவர்கள். சல்லிவனை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். பதினோரு வயதுப் பெண்ணைத் தனியாக நிறுத்தி, சுமார் இரண்டு மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. முடிவில் நாலுக்கு நாலு என்று வாக்கு சமமாகப் பிரிந்தது. அனாக்னோஸ் தன் வாக்கை ஹெலனுக்குப் போட்டுக் காப்பாற்றினார். ஆனால் பின்னாளில் அவரே மனம் மாறி, சல்லிவனும் ஹெலனும் தன்னை ஏமாற்றிவிட்டதாக நம்பினார்.

இதன் பிறகு ஹெலன் கதை எழுதவே இல்லை. வெகு நாட்கள் வரை, அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது கூட பாதியில் நிறுத்தி, இந்த வரி என்னுடையதுதானா என்ற பயம் வந்துவிடுமாம். சம்பந்தப்பட்டவர்களில் பெருந்தன்மையாக நடந்துகொண்டவர் மார்கரெட் கான்பி மட்டும்தான். ஒருநாள் உன் மனதிலிருந்தே பெரிய கதை எழுதுவாய் என்று அந்தச் சிறுமிக்கு அன்பாகக் கடிதம் எழுதினார்.

இன்னொருவருக்குக் கோபம் வந்தது, பதினொரு வருடம் தாமதமாக! ஹெலனின் 'என் வாழ்க்கைக் கதை' 1903இல் புத்தகமாக வந்தபோது அதில் இந்த விசாரணையைப் படித்த மார்க் ட்வைன் கொதித்துப்போய் அவருக்கு எழுதினார். மனிதர்கள் பேசுவதில் பெரும்பகுதி இரவல்தான் என்றார். தானே ஒருமுறை ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸின் சமர்ப்பண வரிகளைத் தெரியாமலே தன் புத்தகத்தில் போட்டுக்கொண்ட கதையையும் சொன்னார். அவரை யாரும் எட்டு பேர் முன்னால் நிறுத்தவில்லை.

இங்கே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பார்வை உள்ள ஒரு பதினோரு வயதுப் பிள்ளை எப்போதோ கேட்ட கதையைத் தன் கதை என்று எழுதினால் வீட்டில் சிரித்துவிட்டுப் போவார்கள். ஹெலன் விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை ஆவேசம்? திருட்டு என்பது மேல்பூச்சு. இலையின் சிவப்பைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன உரிமை என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி. நிறம் பற்றிய அவளுடைய எல்லாச் சொற்களும் யாரோ கொடுத்தவைதானே என்ற சந்தேகம்.

அந்தக் கேள்வி அவரை ஆயுள் முழுவதும் துரத்தியது. 1893இல் நயாகரா அருவிக்குப் போனார். ஹோட்டல் ஜன்னலில் கை வைத்தாலே தண்ணீர் பாய்வது தெரிந்ததாம். அதை எழுதினால், அலையைப் பார்க்கவும் முடியாது, இரைச்சலைக் கேட்கவும் முடியாது, உங்களுக்கு அங்கே என்ன கிடைத்தது என்று பலர் கேட்டார்கள். அன்பு என்றால் என்ன என்று எப்படி விளக்க முடியாதோ, அதே போல இதையும் விளக்க முடியாது என்பது அவர் பதில்.

சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. பிரான்சின் பியர் வில்லே ஒரு பெரிய இலக்கிய அறிஞர், அவரே பார்வையற்றவர். ஹெலன் வெறும் சொற்களில் மயங்கிவிடுகிறார் என்றார். தாமஸ் கட்ஸ்ஃபோர்த் என்ற அமெரிக்க உளவியலாளரும் பார்வையற்றவர்தான். 1933இல் எழுதிய புத்தகத்தில் அவர் இன்னும் கறாராகப் பேசினார். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிகள் பார்வையுள்ளவர்களின் சொற்களை உருப்போடக் கற்றுக்கொடுக்கின்றன, அவர்கள் தொட்டும் முகர்ந்தும் அறிகிற சொந்த உலகம் மட்டமானது என்று நினைக்க வைக்கின்றன, ஹெலனின் எழுத்து அதற்கு உதாரணம் என்பது அவர் வாதம். பள்ளிகளைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஹெலனைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் நியாயம். காரணம், 1908இல் வெளிவந்த 'நான் வாழும் உலகம்' என்ற புத்தகம்.

அந்தப் புத்தகம்தான் ஹெலனின் ஆகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். 'என் வாழ்க்கைக் கதை' கல்லூரி மாணவி எழுதியது, கொஞ்சம் அலங்காரம் தூக்கல். இதில் அவர் கையைப் பற்றியும் மூக்கைப் பற்றியும் தரையின் அதிர்வைப் பற்றியும் எழுதுகிறார். புயல் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே வாசனையில் தெரிந்துவிடும் என்கிறார். நிறத்தைப் பற்றி இத்தனை பேர் கேட்கிறார்களே, அதற்கும் பதில் வைத்திருக்கிறார். ஆரஞ்சின் வாசனை ஒன்று, பம்ப்ளிமாஸ் மாதிரி இருக்கும் கிரேப்ஃப்ரூட்டின் வாசனை வேறு. இரண்டும் உறவு, ஆனால் ஒன்றல்ல. சிவப்பில் இரண்டு வகை இருக்கிறது என்றால் அது இப்படித்தான் இருக்கும் என்று புரிந்துகொள்கிறாராம். கேட்டவர்கள் அதற்கு மேல் என்ன எதிர்பார்த்தார்களோ!

அதில் ஒரு பகுதி இருக்கிறது. தனக்குப் பழக்கமான காட்டை நோக்கி நடந்து போகிறார். திடீரென்று மனதைக் கலவரப்படுத்தும் ஒரு வாசனை. நிற்கிறார். பிறகு காலடியில் சீரான இடைவெளியில் ஒரு அதிர்வு, அதைத் தொடர்ந்து கனமாக ஏதோ விழும் அதிர்ச்சி. மரம் வெட்டுகிறார்கள். அங்கிருந்த கல் சுவர் மேல் ஏறி நிற்கிறார். வழக்கமாக அந்த இடத்தில் படாத காற்று முகத்தில் அடிக்கிறது, வழக்கமாக விழாத வெயில் விழுகிறது. எத்தனை மரம் போயிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. வெட்டிய காட்டை இப்படி வேறு யாரால் எழுத முடியும்? இதில் இரவல் சொல் எங்கே இருக்கிறது?

அதே புத்தகத்தின் முன்னுரையில் பத்திரிகை ஆசிரியர்களை நன்றாகவே கிண்டல் செய்திருக்கிறார். மற்ற எழுத்தாளர்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், இவர் மட்டும் தன்னைப் பற்றியே எழுத வேண்டும். உலகத்தின் கல்வி முறையைத் திருத்தலாம் என்று போனால், அது நல்ல யோசனைதான், ஆனால் உங்களுக்கு ஆறு வயதில் அழகு என்றால் என்னவென்று தோன்றியது என்று எழுதித் தாருங்களேன் என்கிறார்களாம்.

அவர் தந்ததோ வேறு. 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' அந்தக் கால அமெரிக்காவில் குடும்பப் பெண்கள் படிக்கும் மிகப் பிரபலமான பத்திரிகை. ஹெலனின் வாழ்க்கைக் கதையை 1902இல் தொடராக வெளியிட்டதும் அதுதான். 1907இல் அதே பத்திரிகையில் அவர் எடுத்துக்கொண்ட விஷயம் பச்சைக் குழந்தைகளின் கண் நோய். தாய்க்கு மேக நோய் (பெரும்பாலும் கணவனிடமிருந்து வந்தது) இருந்தால் பிரசவத்தின்போது கிருமி குழந்தையின் கண்ணில் பட்டு, சில நாட்களில் பார்வை போய்விடும். ஜெர்மனியில் கார்ல் கிரேடே என்ற மருத்துவர் 1880களின் தொடக்கத்திலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்: பிறந்தவுடன் கண்ணில் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசல், ஒரு சொட்டு. அவ்வளவுதான். செலவு ஒன்றுமே இல்லை. (பின்னாளில் அந்த இடத்தை ஆன்டிபயாட்டிக் களிம்புகள் பிடித்தன.)

சொட்டு மருந்து இருந்தும் குழந்தைகள் ஏன் பார்வை இழந்துகொண்டிருந்தன? நோயின் பெயரை வெளியே சொல்லக் கூடாது, அதனால்தான். நல்ல குடும்பத்துப் பெண்கள் படிக்கிற பத்திரிகையில் அப்படி ஒரு பேச்சா என்ற கூச்சம். ஹெலன் 1906இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பார்வையற்றோர் ஆணையத்தில் உறுப்பினரானபோதுதான் இந்த விவரங்களை நெருக்கமாகப் பார்த்தார். வேறு யார் எழுதியிருந்தாலும் அச்சாகியிருக்குமா என்பது சந்தேகம்தான். பூக்களைப் பற்றி எழுதிச் சம்பாதித்த பெயரை அவர் இங்கே செலவழித்தார்.

விசாரிக்க விசாரிக்க அவருக்கு வேறொன்றும் தெரிந்தது. பார்வை இழப்பு எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டு வருவதில்லை. பாதுகாப்பில்லாத தொழிற்சாலை இயந்திரம், நெருக்கடியான குடியிருப்பு, வறுமையால் உடலை விற்கும் பெண்கள் என்று ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் பணம் இருந்தது. 1909இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதுவரை அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய பத்திரிகைகளின் சுருதி மாறியது. 'புரூக்ளின் ஈகிள்' என்ற நாளிதழ், அவருடைய தவறுகள் அவருடைய வளர்ச்சியின் குறைபாட்டிலிருந்து வருபவை என்று எழுதியது. 1912 நவம்பரில் ஹெலன் பதில் எழுதினார். அந்த ஆசிரியரை முன்பே சந்தித்திருக்கிறேன், அப்போது என்னைக் கூச்சப்படும் அளவுக்குப் புகழ்ந்தார், சோஷலிஸ்ட் ஆனதும்தான் நான் பார்வையற்றவள், செவிடு என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது, இடைப்பட்ட வருடங்களில் என் புத்தி சுருங்கிவிட்டது போலும் என்ற தொனியில் போகும் அந்தப் பதில். படித்த ஆசிரியருக்கு எப்படி இருந்திருக்குமோ!

எல்லா இடத்திலும் அவர் சரியாகவே நின்றார் என்று சொல்ல முடியாது. 1915இல் சிகாகோவில் குறைபாடுகளுடன் பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய ஹெய்சல்டன் என்ற மருத்துவர் மறுத்தார், குழந்தை இறந்தது. நாடு முழுவதும் அதைப் பற்றிய விவாதம். ஹெலன் 'நியூ ரிபப்ளிக்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அந்த மருத்துவரை ஆதரித்தார்! மருத்துவர்களைக் கொண்ட ஒரு குழு இப்படிப்பட்ட குழந்தைகளின் உயிரைப் பற்றி முடிவு செய்யலாம் என்றார். அக்காலத்தில் படித்தவர்களிடையே பரவியிருந்த இனமேம்பாட்டுச் சிந்தனைதான் இது என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் இடிக்கிறது. பத்தொன்பது மாதக் குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்த ஹெலனைப் பற்றி அப்படி ஒரு குழு என்ன முடிவு செய்திருக்கும்? தன் விஷயத்தில் எட்டு பேர் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னதை மறக்காதவர், இன்னொரு குழுவை எப்படி நம்பினார்? அவருடைய எழுத்துக்களில் படிக்கவே கஷ்டமாக இருப்பது இந்தக் கடிதம்தான். அவரைக் கொண்டாடும் புத்தகங்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன, அது தப்பு.

இனி வரவு செலவுக் கணக்கு. எழுத்தில் பெரிதாகப் பணம் வரவில்லை. முதல் புத்தகம் விற்றது போல மற்றவை விற்கவில்லை. கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி வருடாந்திர உதவித்தொகை தருவதாகச் சொன்னபோது, ஒரு சோஷலிஸ்ட் எப்படி அதை வாங்குவது என்று மறுத்தார். சோஷலிசத்தை விடாவிட்டால் மடியில் போட்டு அடிப்பேன் என்று கார்னகி விளையாட்டாக மிரட்டினாராம். 1913இல் சல்லிவன் வெளியூரில் நோயில் விழ, வேறு வழியில்லாமல் அந்தப் பணத்தை ஏற்றார். 1920 முதல் சுமார் நான்கு வருடங்கள் வாட்வில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் தோன்றினார். வித்தை காட்டுபவர்கள், பாடகர்கள், பழக்கிய விலங்குகள், நடுவே இருபது நிமிடம் ஹெலன் கெல்லர்! பலர் முகம் சுளித்தார்கள். சல்லிவனுக்கும் அந்த வெளிச்சமும் கூட்டமும் பிடிக்கவில்லை. ஹெலனுக்கோ பிடித்திருந்தது. கூட்டத்தின் மூச்சும் கைதட்டலும் உடம்பில் வந்து படுவதை ரசித்தார். ரசிகர்கள் கேள்வி கேட்கலாம். தூங்கும்போது கண்ணை மூடுவீர்களா என்று கூடக் கேட்டார்கள். அதைப் பார்க்க நான் விழித்திருந்ததில்லையே என்பது பதில்.

1924இலிருந்து பார்வையற்றோருக்கான அமெரிக்க அறக்கட்டளைக்காக ஊர் ஊராகப் போனார். 1925 ஜூனில் ஒஹையோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் சங்க மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்கான பணியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அவர்கள் ஏற்றார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் லயன்ஸ் சங்கம் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறதே, அதன் வேர் தேடிப்போனால் அந்த மாநாட்டில்தான் நிற்கும்.

1933 ஜனவரியில் 'அட்லாண்டிக் மன்த்லி' பத்திரிகையில் அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. மூன்று நாள் மட்டும் பார்வை கிடைத்தால் என்ன செய்வேன் என்பது விஷயம். காட்டில் வெகு நேரம் நடந்துவிட்டு வந்த ஒரு தோழியிடம் என்ன பார்த்தாய் என்று கேட்கிறார். சொல்லும்படி ஒன்றுமில்லை என்கிறாள் தோழி. ஒரு மணி நேரம் நடந்து ஒன்றுமே பார்க்காமல் எப்படி இருக்க முடியும் என்று ஹெலனுக்கு ஆச்சரியம். தொட்டே அவருக்கு எவ்வளவோ தெரிகிறது: இலையின் ஒழுங்கான வடிவம், பிர்ச் மரத்தின் வழுவழுப்பு, பைன் மரப்பட்டையின் சொரசொரப்பு.

பிறகு மூன்று நாளுக்கும் பட்டியல் போடுகிறார். முதல் நாள் நண்பர்களின் முகங்கள், முதலில் ஆன் சல்லிவன். மதியம் காடு. சாயங்காலம் சூரிய அஸ்தமனம். இரண்டாம் நாள் விடியல், அருங்காட்சியகங்கள். மூன்றாம் நாள் நியூயார்க் நகரம். ஒரு தெருமுனையில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். பணக்காரர்களின் வீதி வழியாகப் போய், ஏழைகளின் சேரியையும் தொழிற்சாலைகளையும் பார்க்க வேண்டும், துன்பத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. குழந்தைகள் விளையாடும் பூங்காவையும் சேர்த்துக்கொள்கிறார். அன்றைக்கு ராத்திரி, பார்வை முடிகிற நேரத்துக்கு, ஒரு நாடகக் கொட்டகைக்குப் போய் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் நாடகம் பார்க்க வேண்டுமாம்.